கிறிஸ்டி எழுதிய வரைவு

தரங்கம்பாடி நகர வாயிலின் மேலே இருக்கும் 1792 என்ற ஆண்டைப் பார்க்காமல் எவரும் ராஜ வீதிக்குள் நுழைய முடியாது. டேனிஷ்காரர்கள் கட்டியது என்று சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த வட்டத்தில் வருவாய்த் துறையில் பணியாற்றிய ஆண்டுகளில், கோட்டையைப் பார்க்க வரும் மேலதிகாரிகளுக்கு வழிகாட்டியாக நிற்கும் வேலை அடிக்கடி என் தலையில் விழுந்ததால், நானும் அதையே பலருக்கும் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்று மயிலாடுதுறையில் வந்து அமர்ந்து, நிதானமாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்த வாயில் எழுந்தபோது இங்கே கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் ஒரு நார்வேக்காரர் என்று தெரிந்தது. அன்றைக்கு டென்மார்க்கும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. நம் கடற்கரையில் பறந்த கொடி இரண்டு நாட்டுக்கும் பொதுவானது. 1788 முதல் 1806 வரை ஆங்கர் இங்கே இருந்தார். நம் பகுதியின் கோயில்களையும் தெருக்களையும் அவர் வரைந்த படங்கள் நார்வேயில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

அவருக்குக் கார்ஸ்டன் ஆங்கர் என்று ஒரு தம்பி இருந்தார். நார்வேயில் ஐட்ஸ்வோல் என்னும் ஊரில் இரும்பாலை நடத்தியவர். அங்கே அவருக்குப் பெரிய மாளிகை ஒன்று உண்டு. 1814 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் 112 பேர் அந்த மாளிகையில் கூடி நார்வேயின் அரசியல் சட்டத்தை எழுதி முடித்தார்கள். தரங்கம்பாடியை ஆண்ட அண்ணனிடமிருந்து அந்தத் தம்பி வீட்டுக்குப் போன நான், அங்கே நாற்காலி போட்டுக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த 35 வயது மனிதர் ஒருவரிடம் போய் நின்றுவிட்டேன். வில்ஹெல்ம் ஃப்ரிமான் கோரன் கிறிஸ்டி என்பது அவர் பெயர். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கிறிஸ்டி 1778 டிசம்பர் 7 அன்று, நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள கிறிஸ்டியான்சுண்ட் என்னும் துறைமுக ஊரில், அஞ்சல் அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெர்கன் நகரத்தின் லத்தீன் பள்ளியில் படித்தபின், அந்நாளைய வழக்கப்படி கோபன்ஹேகனுக்குப் போய்ச் சட்டம் பயின்றார். நார்வேக்கென்று ஒரு பல்கலைக்கழகம் 1811 வரைக்கும் கிடையாது. வழக்கறிஞரோ பாதிரியாரோ மாவட்ட அதிகாரியோ ஆக வேண்டுமென்றால் டேனிஷ் தலைநகரத்துக்குக் கப்பலேற வேண்டும். 1799இல் தேர்வு முடித்து, அங்கேயே அரசரின் தலைமைச் செயலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். இரு நாடுகளின் உள்நாட்டு நிர்வாகக் கோப்புகள் வந்து குவியும் இடம் அது. ஒரு மனு எப்படி உத்தரவாக மாறுகிறது, நடுவில் எத்தனை கைகள் அதைத் தொடுகின்றன, எந்தக் கை தொட்டால் பொருள் மாறுகிறது என்பதையெல்லாம் அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். அப்படி ஒரு பயிற்சி இல்லாதவருக்கு 1814இல் அவர் செய்த வேலை கைவந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு ஊர் திரும்பி, பெர்கனுக்கு வடக்கேயுள்ள நோர்ட்ஹோர்லாண்ட் பகுதிக்குச் சோரன்ஸ்க்ரிவர் ஆனார். இந்தப் பதவிப் பெயரை ஆங்கிலப் புத்தகங்கள் நீதிபதி என்று மொழிபெயர்த்துவிடுகின்றன. சொல்லின் நேரடிப் பொருள் சத்தியப்பிரமாணம் எடுத்த எழுத்தர் என்பதாகும். வழக்கு விசாரிப்பது, இறந்தவர் சொத்தைப் பாகம் பிரித்துக் கணக்கு முடிப்பது, நிலப் பத்திரங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. மாவட்ட முன்சீப்பையும் சார்பதிவாளரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, கர்ணத்தின் கையிலிருந்த நோட்டையும் அவரிடமே கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. என் தாத்தா கர்ணம் பார்த்தவர். 1980இல் தமிழக அரசு பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தபோது, எங்கள் வீட்டுப் பரணிலிருந்த பழைய கணக்குகளைப் பார்த்து அப்பா வருத்தப்பட்டதும், நான் உள்ளூர மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. எழுத்து தெரிந்தவன் கையில் ஊர் இருந்த காலத்தின் நன்மையும் தீமையும் எனக்குக் கேள்வியறிவாகத் தெரியும். ஆகவே, அந்தப் பதவிப் பெயரின் பொருளைப் படித்தவுடன் கிறிஸ்டி எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

அவர் பதவி வகித்த காலம் கொடுமையானது. நெப்போலியன் பக்கம் டென்மார்க் சாய்ந்ததால் பிரிட்டிஷ் கடற்படை கடலை அடைத்தது. டேனிஷ் தானியத்தை நம்பியிருந்த நார்வே மக்கள் மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். குறுவையும் சம்பாவும் பொய்த்த ஆண்டுகளை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே போரின் விளைவாகத்தான் 1808இல் தரங்கம்பாடியும் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று.

1814 ஜனவரி 14 அன்று கீல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. தோற்ற டென்மார்க், நார்வேயை ஸ்வீடன் அரசருக்கு விட்டுக்கொடுத்தது. அதே நாளில் அதே ஊரில் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, டென்மார்க் இழந்த குடியேற்றங்கள், ஹெலிகோலாண்ட் தீவு நீங்கலாக, அதற்குத் திரும்பக் கிடைத்தன. தரங்கம்பாடி 1815இல் மீண்டும் டேனிஷ் கைக்கு வந்தது அதனால்தான். தரங்கம்பாடிக்காரர்களையும் எவரும் கேட்கவில்லை, நார்வேக்காரர்களையும் எவரும் கேட்கவில்லை. வேறுபாடு என்னவென்றால், நார்வேக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே அரசப் பிரதிநிதியாக இருந்த டேனிஷ் இளவரசர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக், அரசியல் நிர்ணய சபையொன்றைக் கூட்டினார். பெர்கன் நகரம் நான்கு பேரை அனுப்பியது. அவர்களில் ஒருவர் கிறிஸ்டி. இன்னொருவரான வணிகர் ஃபிரெட்ரிக் மெல்ட்சர், 1821இல் நார்வேயின் இன்றைய கொடியை வடிவமைத்தவர்.

ஏப்ரல் 10 முதல் மே 20 வரை ஐட்ஸ்வோலில் கூட்டம் நடந்தது. வந்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அரசு அதிகாரிகளும் படை அதிகாரிகளும். மீதிப்பேர் விவசாயிகளும் வணிகர்களும் ஆலை முதலாளிகளும். நம் சட்டத்தில் அரசு ஊழியர் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். அங்கே அந்தத் தடை கிடையாது. மாவட்டத்தை நிர்வகிக்கிறவரே சட்டசபையிலும் உட்காரலாம். இதனாலேயே 1814க்குப் பிந்தைய எழுபதாண்டுகளை நார்வே வரலாற்றாசிரியர்கள் அதிகாரிகளின் அரசு என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. உத்தரவைச் செயல்படுத்துகிறவனே சட்டத்தையும் எழுதினால் மனு கொடுக்கிறவன் எங்கே போவான்? ஆனாலும் 1814இல் நார்வேயில் எழுத்துவேலை தெரிந்தவர்கள் அவர்களாகத்தான் இருந்தார்கள்.

ஐட்ஸ்வோலின் விதியொன்று என்னை வெகுவாகக் கவர்ந்தது. சபைத் தலைவரை வாரத்துக்கொருவராக மாற்றினார்கள். செயலாளர் மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருவரே, அவர் கிறிஸ்டி. வரலாற்றில் ஃபால்சனின் பெயர் பெரிதாக நிற்கிறது, அவர் அரசியல் சட்டக் குழுவின் தலைவர் என்பதால். எதிரணியில் வேடல் யார்ல்ஸ்பெர்க் பிரபு பேசிய பேச்சுகளும் நிற்கின்றன. ஸ்வீடனோடு சேர்வதைத் தவிர வழியில்லை என்று வாதிட்டவர் அவர். கிறிஸ்டி தனிநாட்டுக் கட்சியைச் சேர்ந்தவரென்றாலும், இரு தரப்பின் பேச்சையும் பதிவு செய்யும் இடத்தில் இருந்தார். யார் என்ன சொன்னார், எந்தத் திருத்தம் எந்தச் சொல்லோடு நிறைவேறியது என்பதைத் தேட வேண்டுமானால் எல்லோரும் அவரிடம்தான் வர வேண்டும்.

இதன் பொருள் அலுவலகத்தில் இருந்தவர்களுக்குப் புரியும். பணியில் சேர்ந்த புதிதில், விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். வாய்க்கால் தூர்வாருவது பற்றி ஒரு விவசாயி கேட்ட கேள்விக்குப் பதிலாக, உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, எடுக்கப்படும்னு போட்டா அடுத்த மாசம் எடுத்தியான்னு கேப்பாங்க. பரிசீலிக்கப்படும்னு போடு, பரிசீலிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்றார். எழுதியது நான், அந்த விவசாயியின் வாய்க்கால் அந்த ஆண்டு தூர்வாரப்படவில்லை. ஒரு சொல்லால் ஒருவரைக் கைவிட முடியும் என்று நான் கற்றுக்கொண்ட இடம் அது. கிறிஸ்டியின் கதையை நான் படித்ததும் இந்தக் கண்ணோடுதான். அதே வித்தையை நேர் எதிராகப் பயன்படுத்தியவர் அவர்.

மே 17 தேதியிட்ட அரசியல் சட்டம் நிறைவேறியது. கிறிஸ்டியன் ஃபிரெடரிக் அரசரானார். ஜூலை 26 அன்று ஸ்வீடன் படையெடுத்தது. நெப்போலியனின் முன்னாள் தளபதியும் ஸ்வீடனின் பட்டத்து இளவரசருமான கார்ல் யோஹானின் படைக்கு முன்னால் நார்வேயால் மூன்று வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 14 அன்று மோஸ் நகரில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. கிறிஸ்டியன் ஃபிரெடரிக் நாடாளுமன்றத்தைக் கூட்டி, அதனிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். ஸ்வீடன் தன் பங்குக்கு ஐட்ஸ்வோல் அரசியல் சட்டத்தை, இணைப்புக்குத் தேவையான மாறுதல்களோடு, ஏற்கும். தேவையான என்ற சொல்லுக்கு யார் பொருள் சொல்வது? கிறிஸ்டியின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்வியின் மேல் வந்து நின்றது.

அக்டோபர் 7 அன்று கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) நகரின் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் ஸ்டூர்டிங் என்னும் நாடாளுமன்றம் கூடியது. கிறிஸ்டியை அதன் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் நாள் அரசர் முடிதுறந்தார். அரசர் இல்லை, பணம் இல்லை, தானியம் இல்லை, போர்நிறுத்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்வீடனின் பேரப் பிரதிநிதிகள் அதே ஊரில் வந்து தங்கியிருந்தார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது: முதலில் எங்கள் அரசரை உங்கள் அரசராக ஏற்றுக்கொள்ளுங்கள், சட்டத் திருத்தங்களைப் பிறகு பேசலாம். கிறிஸ்டி இந்த வரிசையை மாற்றினார். அக்டோபர் 20 அன்று, நிபந்தனைகளோடு ஸ்வீடனுடன் ஒரே அரசரின் கீழ் இணையத் தயார் என்று 72க்கு 5 என்ற வாக்கில் சபை முடிவெடுத்தது. அதோடு நின்றது. அரசரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அரசியல் சட்டத்தைப் பிரிவு பிரிவாக எடுத்துத் திருத்தும் வேலையை முதலில் முடிப்போம் என்றார்கள். கையில் வேறு ஆயுதம் இல்லாதவருக்கு நிகழ்ச்சி நிரலே ஆயுதம் என்பதை இவ்வளவு துல்லியமாக உணர்ந்த இன்னொருவரை நான் படித்ததில்லை. கிரயத் தொகை கைக்கு வருமுன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

இரண்டு வாரம் ஒவ்வொரு சொல்லுக்கும் பேரம் நடந்தது. முதல் பிரிவில் நார்வே சுதந்திரமான, தன்னாட்சியுள்ள, பிரிக்க இயலாத, பிறருக்கு மாற்றிக்கொடுக்க இயலாத அரசு என்று எழுதி, அதன்பிறகுதான் ஸ்வீடனோடு ஒரே அரசரின் கீழ் இணைந்தது என்று சேர்த்தார்கள். பிறருக்கு மாற்றிக்கொடுக்க இயலாத என்ற அந்த ஒரு சொல், ஒன்பது மாதங்களுக்கு முன் கீல் நகரில் நடந்ததற்கு முகத்துக்கு நேரே சொன்ன பதில். நார்வேயின் படையை அயல்நாட்டின் மேல் படையெடுக்க அரசர் பயன்படுத்த வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அரசுப் பதவிகள் நார்வேக் குடிமக்களுக்கே. சட்டங்கள் நார்வே மொழியில் இயற்றப்பட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று நார்வேயில் எழுதப்பட்ட மொழி டேனிஷ்தான். டேனிஷையே நார்வே மொழி என்று பெயரிட்டு எழுதி, அந்தப் பெயரைச் ஸ்வீடிஷுக்கு எதிரான வேலியாக நட்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, நவம்பர் 4 அன்று ஸ்வீடன் அரசர் பதின்மூன்றாம் கார்லை நார்வேயின் அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்வீடன் தரப்பின் கணக்கில், கீல் உடன்படிக்கையால் நார்வே ஏற்கனவே அவர்களுக்கு வந்துவிட்ட பொருள். நார்வே தரப்பின் கணக்கில், தன்னுடைய அரசரைத் தானே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடு அது. இரண்டு கணக்கும் தொண்ணூறு ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அடுத்த ஆண்டு இரு நாடாளுமன்றங்களும் ஏற்ற இணைப்புச் சட்டத்தின் ஆக்கத்திலும் கிறிஸ்டிக்குப் பங்கு உண்டு. இந்த இணைப்பு ஆயுத பலத்தால் நேர்ந்ததன்று, சுதந்திரமான மன உறுதியால் நேர்ந்தது என்று அதன் முகவுரை சொல்கிறது. எல்லையைத் தாண்டி வந்த பீரங்கிகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இதை எப்படிச் சிரிக்காமல் எழுதினார்கள் என்று நான் வியந்ததுண்டு. ஆனால் அந்தப் பொய் அவர்களுக்குப் பயன்பட்டது. மன உறுதியால் சேர்ந்தவன் மனம் மாறினால் பிரியவும் செய்யலாம் அல்லவா?

அது 1905இல் நடந்தது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று நார்வே நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில், இணைப்பு கலைந்தது என்ற செய்தி முதன்மை வாக்கியத்தில் இல்லை. அரசரால் அமைச்சரவை அமைக்க முடியாததால் அவருடைய பணி நின்றுவிட்டது, அதன் விளைவாக இணைப்பும் கலைந்துபோனதால் ஏற்படும் மாறுதல்களோடு அமைச்சரவை ஆட்சியைத் தொடரட்டும் என்று, துணை வாக்கியத்துக்குள் அதைச் செருகினார்கள். நம் இலக்கணத்தில் சொன்னால், ஒரு நாட்டின் விடுதலை முற்றுவினையில் வராமல் எச்சத்தில் வந்தது. தீர்மானத்தின் பின்னிருந்த பிரதமர் கிறிஸ்டியன் மிக்கேல்சன் பெர்கன்காரர். தன் ஊரின் பழைய செயலாளரிடமிருந்து அவர் கற்ற பாடம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் தனக்கென அரசியல் சட்டத்தையும் நாடாளுமன்றத்தையும் வைத்துக்கொண்ட தனி அரசு என்று 1814இல் எழுதி வைத்திராவிட்டால், அந்த எச்சத்துக்கு நிற்க இடம் இருந்திருக்காது.

காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இது வெறும் அயல்நாட்டு வரலாறாகத் தோன்றாது. 1924ஆம் ஆண்டு சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்த ஒப்பந்தத்தில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபரிசீலனை என்று ஒரு வாசகம் இருக்கிறது. ஒப்பந்தமே 1974இல் முடிந்துவிட்டது என்று கர்நாடகமும், மறுபரிசீலனைக்கு உரியவை சில பிரிவுகள் மட்டுமே என்று தமிழகமும் அந்த ஒரு வாசகத்துக்கு இரண்டு பொருள் சொல்லி, 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018இல் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று நடந்த நீண்ட கதை நமக்குத் தெரியும். அதற்கும் முன்னால், 1799இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் நாட்டின் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுத் தஞ்சைக் கோட்டையை மட்டும் அவர் கையில் விட்டது. சரபோஜி 1777இல் பிறந்தவர், கிறிஸ்டியைவிட ஒரு வயது மூத்தவர். கம்பெனியின் பலத்தையும் கார்ல் யோஹானின் பலத்தையும் ஒப்பிட முடியாதுதான். சரபோஜிக்குப் பின்னால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒன்றும் இருக்கவில்லை.

கிறிஸ்டியைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் குறிப்பெழுதிய ஐட்ஸ்வோல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, யூதர்கள் நார்வேக்குள் நுழையவே கூடாது என்றது. நவம்பர் திருத்தத்தில் அத்தனை சொற்களுக்காகப் போராடியவர்கள் அந்த வரியை அப்படியே விட்டுவைத்தார்கள். அது நீங்க 1851 வரை ஆயிற்று. வாக்குரிமையும் அதிகாரிகள், நிலமுடையோர், நகர வணிகர்கள் ஆகிய ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. குத்தகைக்கு நிலம் பிடித்தவர்களில் சிலருக்கும் கிடைத்தது, கூலிக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வந்த 1815, 1818 நாடாளுமன்றங்களிலும் தலைவர் நாற்காலி அவரைத் தேடி வந்தது. பிரபுப் பட்டங்களை ஒழிக்கும் சட்டம் அந்த இரு சபைகளிலும் நிறைவேறி, அரசர் மறுத்து, 1821இல் மூன்றாம் முறையும் நிறைவேறியதால் மறுப்பை மீறிச் சட்டமாயிற்று. நாட்டின் வங்கியை நிறுவ 1816இல் வெள்ளி வரி விதித்தார்கள். முதலுக்காக மக்களிடமிருந்து கட்டாயமாக வெள்ளி திரட்டப்பட்டது. இவற்றையெல்லாம் விரிக்கத் தனிப் பதிவு வேண்டும்.

இதற்கிடையே 1815இல் அவர் பெர்கன் பகுதியின் ஸ்டிஃப்ட்அம்ட்மன் ஆகியிருந்தார். நம் மாவட்ட ஆட்சியரைவிடப் பெரிய எல்லை கொண்ட பதவி அது. பத்தாண்டு அதில் இருந்துவிட்டு, உடல்நலம் குன்றியதால் 1825இல் விலகினார். அந்த ஆண்டிலேயே பெர்கன் அருங்காட்சியகத்தை நிறுவினார். பழைய தேவாலயப் பொருள்கள், புதையுண்ட பொருள்கள், விலங்கினங்கள் என்று அங்கே சேர்ந்துகொண்டே போயின. துருவப் பயணி நான்சன் இளம் வயதில் வேலை பார்த்தது அங்கேதான், 1946இல் பெர்கன் பல்கலைக்கழகம் முளைத்ததும் அதிலிருந்துதான். தஞ்சையில் சரபோஜி சுவடிகளும் படங்களும் சேர்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். அதிகாரம் பறிபோனவரும் அதிகாரத்தை விட்டு விலகியவரும் கடைசியில் ஒரே வேலைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது.

நாடாளுமன்றத் தலைவராக இருந்தவர் 1828இல் பெர்கன் துறைமுகத்தில் சுங்க அதிகாரி ஆனார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் யோசித்தேன். நம் ஊரில் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் அதன்பின் சுங்கச் சாவடிக் கணக்கைப் பார்ப்பாரா? அவர் பார்த்தார். அவருக்கு 1868இல் பெர்கனில் சிலை வைத்தார்கள். இப்போது அது அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கிறது.

பிற்காலத்தில் அவர் மேற்கு நார்வேயின் கிராமத்துச் சொற்களைத் திரட்டி அகராதி ஒன்று தொகுத்துக்கொண்டிருந்தார். அரசியல் சட்டத்தில் நார்வே மொழி என்று பெயர் மட்டும் எழுதி வைத்தவர், அந்தப் பெயருக்குரிய பொருளைத் தேடிப் புறப்பட்டது போல எனக்கு அது படுகிறது. நோர்ட்ஹோர்லாண்டில் பாகம் பிரிக்க வந்த குடியானவர்கள் தங்கள் ஏர்க்காலுக்கும் தொழுவத்துக்கும் வரப்புக்கும் சொன்ன பெயர்கள், டேனிஷில் பத்திரம் எழுதிய அந்த இளம் சோரன்ஸ்க்ரிவரின் காதில் தங்கியிருக்கலாம். 1849 அக்டோபர் 10 அன்று அவர் பெர்கனில் இறந்தபோது அந்த அகராதி கையெழுத்துப்படியாகவே இருந்தது; அச்சேறியது இருபதாம் நூற்றாண்டில்.